இன்னும் ஐந்து கிராம்: நார்ச்சத்தும் உங்கள் இரத்த அழுத்தமும்

மூத்த குடிமக்களுக்கான உணவுக் கையேடு

பத்துமலையில் 272 படிகள். இளம் வயதில் அவற்றை ஒரே மூச்சில் ஏறியிருப்பீர்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் சிலர் ஏறியிருப்பீர்கள். இப்போது பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பார்க்கிறீர்கள்.

கிளினிக்கில் தாதி உங்கள் கையில் பட்டையைச் சுற்றி, "அம்மா, பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு. உப்பைக் குறைச்சுக்குங்க" என்று சொல்லியிருப்பார். நீங்களும் உப்பைக் குறைத்தீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் தவறாமல் சாப்பிடுகிறீர்கள். இரண்டும் நல்ல காரியம். இரண்டையும் விடாதீர்கள்.

இந்தக் கையேடு மூன்றாவது ஒன்றைப் பற்றியது. அது நார்ச்சத்து. உப்பைப் பற்றிப் பேசும்போது எதைக் குறைப்பது என்று பேசுகிறோம். நார்ச்சத்தைப் பற்றிப் பேசும்போது எதைக் கூட்டுவது என்று பேசலாம். அதற்கு விலை உயர்ந்த மாவோ டின்னோ தேவையில்லை. பருப்பும் கீரையும் கடலையும் வெண்டைக்காயும் நம் வீட்டுச் சமையலறையில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதுதான் கேள்வி.

இரண்டு எண்கள்

இரத்த அழுத்தத்தை இரண்டு எண்களாகச் சொல்வார்கள். இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இருதயம் ஓய்வாக விரியும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். கிளினிக்கில் பல முறை அளந்தும் 140-க்கு மேலோ, 90-க்கு மேலோ இருந்தால் அதை உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். வீட்டில் அமைதியாக உட்கார்ந்து அளக்கும்போது அந்த வரம்பு 135-க்கு 85.

மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை என்பதால் பலருக்கு அது தெரிவதே இல்லை. தெரியாமலே அது மூளை, இருதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் இரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது. பக்கவாதம் ஒரே நாளில் வந்ததாகத் தோன்றும். உண்மையில் அந்தக் குழாய் பல வருடங்களாகத் தேய்ந்து வந்திருக்கும்.

இதனால்தான் இரண்டு மூன்று புள்ளிகள் குறைவதுகூட முக்கியம். ஒரு நாளைக்கு அது பெரிதாகத் தெரியாது. பத்து வருடத்தில் அது பெரிய வித்தியாசம்.

நார்ச்சத்து என்றால் என்ன?

செடி, கொடி, மரம் தரும் உணவில் நம் குடலால் செரிக்க முடியாத பகுதிதான் நார்ச்சத்து. கோழி, மீன், முட்டை, பால், எண்ணெய், சீனி ஆகியவற்றில் அது இல்லை. ஆட்டு இறைச்சியைக் கடிக்கும்போது நார் நாராக இருக்கும். ஆனால் அது நார்ச்சத்து அல்ல.

நார்ச்சத்தில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை தண்ணீரில் கரைந்து கூழ் போல ஆகும். வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் வழவழப்பு, ஓட்ஸ் கஞ்சியின் பசை, ஊறவைத்த வெந்தயத்தின் கொழகொழப்பு எல்லாம் இந்த வகை. பருப்பு, கடலை, கொய்யா, ஆப்பிள் ஆகியவற்றிலும் இது உண்டு.

இரண்டாவது வகை தண்ணீரில் கரையாது. அரிசித் தவிடு, கோதுமையின் மேல்தோல், கீரைத்தண்டு, காய்களின் தோல் ஆகியவற்றில் இருப்பது இது. மலத்துக்கு கனம் கொடுத்து, குடலில் நகர்த்துவது இதன் வேலை.

பெரும்பாலான உணவுகளில் இரண்டும் கலந்தே இருக்கும். எது எந்த வகை என்று கணக்குப் பார்க்க வேண்டாம். பலவிதமாகச் சாப்பிட்டால் இரண்டும் கிடைத்துவிடும்.

குடலில் இருப்பது இரத்தக் குழாய்க்கு என்ன செய்யும்?

செரிக்காமல் வெளியே போகிற ஒன்று இரத்த அழுத்தத்தை எப்படிக் குறைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரே வழியில் அல்ல, பல சிறிய வழிகளில் அது உதவுகிறது.

நார்ச்சத்து நிறைந்த சாப்பாடு வயிற்றில் அதிக நேரம் தங்கும். சீக்கிரம் பசிக்காது. அதனால் தட்டில் சோறு தானாகக் குறையும், உடல் எடையும் மெல்லக் குறையும். எடை குறைந்தால் இரத்த அழுத்தமும் குறையும்.

கூழ் போன்ற நார்ச்சத்து, சாப்பாட்டில் உள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. பித்த நீரைப் பிடித்து வெளியேற்றுவதால் கெட்ட கொலஸ்ட்ராலையும் குறைக்கிறது. நீரிழிவும் கொலஸ்ட்ராலும் பிரஷரும் ஒரே வீட்டில் குடியிருக்கும் நோய்கள். ஒன்றைக் கட்டுப்படுத்தினால் மற்றவற்றுக்கும் நல்லது.

பெருங்குடலில் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்துதான் அவற்றுக்குச் சாப்பாடு. அதை அவை புளிக்க வைக்கும்போது சில வகைக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகி இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தக் குழாய்கள் இறுக்கம் தளர்வதற்கு அவை உதவுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. நார்ச்சத்து தனியாக வருவதில்லை. பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றோடு பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்ந்தே வருகின்றன. உப்பில் உள்ள சோடியத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றப் பொட்டாசியம் உதவுகிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

1997-இல் அமெரிக்காவில் வெளியான 'டாஷ்' என்ற ஆய்வில் 459 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு. இன்னொரு பிரிவினருக்குக் காய்கறி, பழம், முழுத்தானியம், பருப்பு வகை, கொழுப்பு நீக்கிய பால் ஆகியவை நிறைந்த சாப்பாடு. உப்பின் அளவு எல்லாருக்கும் ஒன்றுதான். எட்டு வாரத்தில் இரண்டாவது பிரிவினருக்கு, முதல் பிரிவினரை ஒப்பிடும்போது, மேல் எண் சராசரியாக 5.5 புள்ளி குறைந்தது. ஏற்கெனவே உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு 11.4 புள்ளி குறைந்தது. இது நார்ச்சத்து ஒன்றின் வேலை மட்டும் அல்ல. முழுச் சாப்பாட்டின் வேலை. ஆனால் அந்தச் சாப்பாட்டின் முதுகெலும்பு நார்ச்சத்து நிறைந்த உணவுகள்தான்.

2005-இல் 24 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். நார்ச்சத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தபோது சராசரிக் குறைவு ஒரு புள்ளியைச் சற்றே தாண்டியது. சிறிய அளவுதான். ஆனால் வயதில் மூத்தவர்களுக்கும் ஏற்கெனவே பிரஷர் இருந்தவர்களுக்கும் பலன் அதிகமாக இருந்தது. இந்தக் கையேட்டைப் படிப்பவர்களில் பலர் அந்த இரண்டு வகையிலும் இருப்பீர்கள்.

2024-இல் 'ஹைப்பர்டென்ஷன்' என்ற மருத்துவ இதழில் நிபுணர்கள் ஒரு பரிந்துரையை வெளியிட்டார்கள். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாளுக்கு 5 கிராம் நார்ச்சத்தைக் கூடுதலாகச் சாப்பிட்டால், மேல் எண் சுமார் 2.8 புள்ளியும் கீழ் எண் சுமார் 2.1 புள்ளியும் குறையலாம் என்பது அவர்களின் கணக்கு.

ஐந்து கிராம் என்பது அரை கப் கடலைச் சுண்டல். அவ்வளவுதான்.

இது சராசரிக் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஒருவருக்கு அதிகம் குறையும், இன்னொருவருக்குக் குறைவாகக் குறையும். மாத்திரை செய்யும் வேலையை நார்ச்சத்து செய்யாது. மாத்திரைக்குத் துணையாக நிற்கும்.

அரிசியும் தவிடும்: கோலாலம்பூர் கற்ற பாடம்

தானியத்தின் மேல்தோலை நீக்கினால் என்ன ஆகும் என்ற பாடத்தை இந்த ஊர் நூறு வருடத்துக்கு முன்பே கற்றது. அப்போது மலாயாவில் பெரிபெரி நோயால் ஏராளமானோர் இறந்தார்கள். கால் வீங்கும், நரம்பு தளரும், இருதயம் நின்றுபோகும். வெள்ளையாகத் தீட்டிய அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கே அது அதிகம் வந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார்.

1905, 1906 ஆண்டுகளில் டாக்டர் வில்லியம் ஃபிளெச்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் அதைச் சோதித்தார். ஒரு பகுதி நோயாளிகளுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, மற்றொரு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசிப் பிரிவில் பலருக்குப் பெரிபெரி வந்தது, சிலர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். அரிசியைத் தீட்டும்போது போகும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருந்தது என்பது பின்னர் தெளிவானது. அது பி1 என்ற வைட்டமின்.

அது வைட்டமின் கதை, நார்ச்சத்துக் கதை அல்ல. ஆனால் இரண்டும் இருந்த இடம் ஒன்று. தவிடு போகும்போது வைட்டமினும் போகிறது, நார்ச்சத்தும் போகிறது. நெல்லைப் புழுக்கும்போது வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நார்ச்சத்து அப்படி இறங்குவதில்லை. ஆகவே, "நான் புழுங்கல் அரிசிதான் சாப்பிடுகிறேன், அது போதும்" என்று நினைக்க வேண்டாம். தவிடு நீக்கிய புழுங்கல் அரிசியில் நார்ச்சத்து வெள்ளை அரிசியைவிடச் சற்றுதான் அதிகம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

மலேசியாவின் ஊட்டச்சத்துப் பரிந்துரை நாளுக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து. பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் கூடுதல் நல்லது என்கிறார்கள் மேலே சொன்ன நிபுணர்கள். பெண்களுக்குக் குறைந்தது 28 கிராம், ஆண்களுக்கு 38 கிராம் என்பது அவர்களின் பரிந்துரை. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் 20-ஐ எட்டுவோம்.

நம் நாட்டு உணவு வழிகாட்டி நாளுக்கு மூன்று பங்கு காய்கறியும் இரண்டு பங்கு பழமும் சாப்பிடச் சொல்கிறது. சமைத்த காய்கறி அரை கப் ஒரு பங்கு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 100-க்கு 95 பேர் அந்த அளவைச் சாப்பிடுவதில்லை.

சில உணவுகளில் உள்ள நார்ச்சத்து, ஏறக்குறைய:

வெள்ளைச் சோறு, ஒரு கப்: அரை கிராமுக்குச் சற்று அதிகம்
தவிடு நீக்காத பழுப்பு அரிசிச் சோறு, ஒரு கப்: 3 கிராம்
வெள்ளை ரொட்டி, 2 துண்டு: ஒன்றரை கிராம்
முழுக் கோதுமை ரொட்டி, 2 துண்டு: 4 கிராம்
முழுக் கோதுமை மாவுச் சப்பாத்தி, ஒன்று: 3 கிராம்
ஓட்ஸ், காய்ந்தது அரை கப்: 4 கிராம்
வேகவைத்த பருப்பு, கெட்டியாக அரை கப்: 6 கிராம்
வேகவைத்த கொண்டைக்கடலை, அரை கப்: 6 கிராம்
சமைத்த காய்கறி அல்லது கீரை, அரை கப்: 2 கிராம்
கொய்யா, 100 கிராம்: 5 கிராம்
வாழைப்பழம், நடுத்தர அளவு ஒன்று: 3 கிராம்
பப்பாளி, 100 கிராம்: ஒன்றரை முதல் 2 கிராம்

பட்டியலை ஒரு முறை பார்த்தாலே தெரியும். பருப்பும் கடலையும்தான் முன்னால் நிற்கின்றன. நம் பாட்டிமார் சமையலில் இவை இரண்டும் தினமும் இருந்தன.

ஒரு நாள் சாப்பாட்டைப் பார்ப்போம்

நம்மில் பலர் சாப்பிடும் ஒரு சாதாரண நாள் இது. காலைப் பசியாறலுக்கு ஒரு ரொட்டி சானாய், தே தாரிக். மதியம் வெள்ளைச் சோறு, கோழிக் கறி, ஓரமாக இரண்டு கரண்டி முட்டைக்கோஸ். மாலையில் வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு. இரவில் மறுபடியும் சோறு, பொரித்த மீன், தண்ணீராகச் சாம்பார். வயிறு நிறைந்திருக்கும். நார்ச்சத்தைக் கூட்டினால் 7 அல்லது 8 கிராம்தான் வரும்.

இப்போது அதே சமையலறையில் இன்னொரு நாள்.

காலை: முழுக் கோதுமைச் சப்பாத்தி 2, கெட்டிப் பருப்பு கால் கப். நார்ச்சத்து 9 கிராம்.
பத்து மணிக்கு: கையளவு கொய்யாத் துண்டுகள், உப்பும் புளிப்புத் தூளும் தொடாமல். 4 கிராம்.
மதியம்: வெள்ளை அரிசியும் பழுப்பு அரிசியும் பாதிப்பாதி கலந்த சோறு ஒரு கப், மீன் குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல் அரை கப், கீரை அரை கப். 6 கிராம்.
இரவு: தோசை 2, காய் நிறையப் போட்ட கெட்டிச் சாம்பார், ஒரு துண்டு பப்பாளி. 6 கிராம்.

மொத்தம் 25 கிராம். மீனை விடவில்லை, தோசையை விடவில்லை. தட்டில் இருந்த அளவுகள்தான் மாறின.

சுகாதார அமைச்சு சொல்லும் 'சூக்கு, சூக்கு, செப்பாரோ' முறையும் இதுதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, அரைத்தட்டு காய்கறியும் பழமும்.

முதல் ஐந்து கிராமுக்கு ஐந்து வழிகள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். கீழே உள்ளவற்றில் ஒன்றை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக அரை கப் கடலை அல்லது பச்சைப்பயறுச் சுண்டல். தேங்காய்ப் பூ ஒரு தேக்கரண்டி போதும். உப்பு ஒரு சிட்டிகை.
2. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, கெட்டிப் பருப்பை அரை கப் ஆக்குங்கள்.
3. வெள்ளை ரொட்டியை முழுக் கோதுமை ரொட்டியாக மாற்றி, கூட ஒரு வாழைப்பழம்.
4. மதியம் ஒரு காய்க்குப் பதிலாக இரண்டு காய், பிறகு கையளவு பழம். முருங்கைக்கீரை, கங்கோங், சாவி எதுவும் நல்லதே.
5. காலையில் ஓட்ஸ் கஞ்சி. வெங்காயம், கேரட், சிறிது பருப்பு போட்டு நம் ஊர்க் கஞ்சி மாதிரியே காய்ச்சலாம். சீனியும் இனிப்புப் பாலும் வேண்டாம்.

கடையில் வாங்கும்போது லேபிளில் நார்ச்சத்து எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். மலாயில் 'செராட்' அல்லது 'செராபுட்' என்று இருக்கும். 100 கிராமுக்கு 6 கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நார்ச்சத்து அதிகமுள்ள பொருள். எழுத்து சிறியதாக இருந்தால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். நிறம் பழுப்பாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சில ரொட்டிகளில் அது கருகிய சீனியின் நிறம்.

சமையலில் கவனிக்க

பழத்தைச் சாறாகப் பிழிந்து வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடும். கடித்துச் சாப்பிடுங்கள். பல் சரியில்லை என்றால் பப்பாளி, நன்கு பழுத்த வாழைப்பழம், குழைய வேகவைத்த பருப்பு, மசித்த கீரை, பூசணி ஆகியவை எளிது. குழைய வேகவைப்பதால் நார்ச்சத்து அழிந்துவிடாது.

பருப்பு வடையிலும் நார்ச்சத்து உண்டு. ஆனால் அது எண்ணெயையும் சேர்த்தே குடிக்கும். அதை விசேஷ நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காயில் நார்ச்சத்து இருந்தாலும் கொழுப்பு அதிகம். தேங்காய்ப் பாலில் கொழுப்பு வந்துவிடும், நார் சக்கையில் நின்றுவிடும்.

உப்பை மறக்க வேண்டாம். நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புதான் வரம்பு. 2017, 2018-இல் நடந்த ஆய்வில் மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் சாப்பிடுவது தெரிந்தது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், நெத்திலிச் சம்பல், சோயா சாஸ், உடனடி மீ ஆகியவற்றில் உப்பு ஒளிந்திருக்கிறது. டின்னில் வரும் கடலையைத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். சுண்டலுக்கு எலுமிச்சை, மாங்காய்த் துண்டு, இஞ்சி, மல்லி போட்டால் உப்பு குறைந்தது தெரியாது.

வெளியே சாப்பிடும்போதும் திருவிழாவிலும்

பத்துமலையிலிருந்து கொமுட்டர் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனால் வாழை இலைச் சாப்பாட்டின் வாசனை இழுக்கத்தான் செய்யும். போய்ச் சாப்பிடுங்கள். சோறு முதல் முறை வைக்கும்போதே "போதும்" என்று சொல்லுங்கள். இரண்டாவது முறை காய்கறியைக் கேளுங்கள். பருப்பை ஊற்றச் சொல்லுங்கள். அப்பளத்தையும் ஊறுகாயையும் ஓரம் தள்ளுங்கள். ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய்க்குப் பதில் முழுக் கோதுமைச் சப்பாத்தியோ, கெட்டிச் சாம்பாரோடு தோசையோ கேட்கலாம்.

தைப்பூச விரத நாட்களில் பலர் சைவமாக இருப்பீர்கள். சைவம் என்றாலே நார்ச்சத்து என்று அர்த்தம் இல்லை. வெள்ளைச் சோறும் பொரித்த உருளைக்கிழங்கும் அப்பளமும் பாயசமும் சைவம்தான். ஆனால் அதில் நார்ச்சத்து குறைவு. விரதச் சமையலில் பருப்பு, பயறு, கீரை, காய் ஆகியவற்றைக் கூட்டினால் விரதம் உடம்புக்கும் துணையாகும். தண்ணீர்ப் பந்தலில் சர்பத்துக்குப் பதில் வெறும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள்.

ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பவர்கள், மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். விரதத்துக்காக பிரஷர் மாத்திரையையோ நீரிழிவு மருந்தையோ நீங்களாக நிறுத்தக் கூடாது.

மெதுவாகத் தொடங்குங்கள்

திடீரென்று நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும், சிலருக்கு வயிற்று வலியும் வரும். அப்போது பலர், "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது உணவல்ல, வேகம். முதல் வாரம் 5 கிராம் மட்டும் கூட்டுங்கள். வயிறு பழகிய பிறகு, இரண்டு வாரம் கழித்து அடுத்த 5 கிராம். கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயு குறையும்.

கூடவே தண்ணீரும் வேண்டும். நாளுக்கு 6 முதல் 8 கிளாஸ். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் மலம் இறுகும். இருதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், டாக்டர் சொன்ன அளவையே பின்பற்றுங்கள்.

இவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்

சிறுநீரக நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள்: பருப்பு, கீரை, வாழைப்பழம் ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போகலாம். இந்தக் கையேட்டின் அளவுகள் உங்களுக்குப் பொருந்தாது. உணவியல் அதிகாரி தனியாகத் திட்டம் தருவார். உப்புக்குப் பதிலாக விற்கப்படும் பொட்டாசியம் உப்பையும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள்: சோறு குறைந்து நார்ச்சத்து கூடினால் சர்க்கரை அளவும் குறையலாம். சர்க்கரையை அடிக்கடி பரிசோதியுங்கள்.

இசப்கோல் போன்ற நார்ச்சத்துத் தூள் சாப்பிடுபவர்கள்: அது மருந்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும். மாத்திரைக்கும் அதற்கும் குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள். நிறையத் தண்ணீரோடு குடியுங்கள்.

விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், குடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்: கேட்ட பிறகே தொடங்குங்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"பிரஷர் குறைந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?"
கூடாது. குறைந்ததற்கு மாத்திரையும் ஒரு காரணம். அளவுகள் நன்றாக இருந்தால் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தைக் குறைப்பதை அவரே முடிவு செய்வார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

"எனக்கு 75 வயது. இனிமேல் மாற்றி என்ன ஆகப் போகிறது?"
ஆய்வுகளில் மூத்தவர்களுக்குத்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. டாஷ் ஆய்வில் எட்டே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. மலச்சிக்கல் குறைவதை இன்னும் சீக்கிரமே உணர்வீர்கள். கழிப்பறையில் முக்குவது பிரஷரை ஏற்றும் என்பதால் அதுவும் லாபமே.

"வீட்டில் மருமகள் சமைக்கிறாள். எனக்கென்று தனியாகச் செய்யச் சொல்வதா?"
தனியாக வேண்டாம். இந்தச் சாப்பாடு மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நல்லதுதான். கீரை ஆய்வது, கடலை ஊறவைப்பது போன்ற வேலைகளை நீங்கள் எடுத்துக்கொண்டால் மறுப்பு வராது.

எட்டு வாரம் எழுதிப் பாருங்கள்

நாட்காட்டியில் இரண்டு விஷயங்களைக் குறியுங்கள். ஒன்று, இன்று கூடுதலாக 5 கிராம் சாப்பிட்டேனா. இரண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரஷர் எவ்வளவு.

வீட்டில் அளக்கும்போது காப்பி குடித்து, புகைபிடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை இருதய உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் கருவி இல்லையென்றால் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் அளந்துகொள்ளலாம்.

அளவு 180-க்கு 120-ஐத் தாண்டினால் ஓய்வெடுத்து மறுபடி அளந்து பாருங்கள். குறையாவிட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீர்க் கடும் தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 999-ஐ அழையுங்கள். கை வைத்தியம் செய்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

எட்டு வாரம் கழித்து அந்த நாட்காட்டியை அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். தாதி பட்டையைச் சுற்றி அளப்பது ஒரு நாள் அளவு. உங்கள் கையில் இருப்பது எட்டு வாரத்தின் அளவு. டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

இன்று மாலை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, மூடி வையுங்கள். நாளைக்கு வேண்டிய ஐந்து கிராம் அதில் இருக்கிறது.